நாலு மாசம் தூங்கிய ஆர்ச்: எழுப்புவதா, அழிப்பதா?

பாம்பன் ஜெராக்ஸ்:
கடை கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம். நாலு மாசம் கடை பூட்டிக் கிடந்தது. நேற்று வந்து அப்டேட் கொடுத்தால், பேக்கேஜ்களின் (மென்பொருள் பொதிகளின்) டிஜிட்டல் கையொப்பத்தை நம்ப முடியாது என்று நிற்கிறது. மருமகன் அதை அழித்துவிட்டு டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் போடச் சொல்கிறான். என்ன செய்யட்டும்?

கீழக்கரை ரோலிங்:
அழிக்க வேண்டாம் அண்ணே. நீங்கள் இல்லாத நேரத்தில் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிகள் மாறிவிட்டன, அவ்வளவுதான். முதலில் அந்தச் சாவிகள் அடங்கிய ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜைப் புதுப்பியுங்கள், கையோடு முழு அப்டேட்டையும் முடித்துவிடுங்கள். பாதி புதுசு பாதி பழசாக விட்டால் ஆர்ச் தாங்காது. அதற்கு முன் ஆர்ச் தளத்தில் செய்திப் பக்கத்தை ஒரு பார்வை பாருங்கள். நான் 2016-ல் போட்டது இன்றும் ஓடுகிறது.

மண்டபம் டெபியன்:
செய்தி படித்துவிட்டு அப்டேட் போட அவர் என்ன சும்மாவா உட்கார்ந்திருக்கிறார்? 2022 ஆகஸ்டில், கம்ப்யூட்டரை பூட் செய்யும் கிரப்புக்கு வந்த அப்டேட்டில் எத்தனை ஆர்ச் மெஷின்கள் பூட் ஆகாமல் நின்றன! 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக நுழையும் வழி, இருந்தது தெரிந்தது. ஆர்ச் போலவே ரோலிங் வகையான, அதாவது ஓயாமல் புதுசாகும், டம்பிள்வீட் லினக்ஸ் வரைக்கும் அது போயிருந்தது, டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்கு வரவே இல்லை. விசைப்படகை ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கரையேற்றி வேலை பார்க்கிறோம். ஓடும் படகில் யாராவது பலகை மாற்றுவார்களா?

கீழக்கரை ரோலிங்:
கரையேற்றியும் பலகையைத்தானே மாற்றுகிறீர்கள்? படகையே கொளுத்திவிட்டுப் புதுசு கட்டவில்லையே! எக்ஸ்இசட் ஆர்ச்சுக்கும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வர், ஆர்ச்சில் எக்ஸ்இசட் லைப்ரரியோடு இணைக்கப்படவில்லை, அந்தக் கதவு அங்கே திறக்காது. உங்கள் டெபியனிலேயே 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு அழிக்காமல் போகலாம். பிறகு ஃபார்மேட் எதற்கு?

மண்டபம் டெபியன்:
குப்பையைக் கழிக்கத்தான் பாய். 2016-லிருந்து சேர்ந்த பேக்நியூ கோப்புகளை, அப்டேட் விட்டுப்போகும் புது செட்டிங் கோப்புகளை எல்லாம் திறந்து பார்த்தீர்களா, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது. உப்புக்காற்றில் ஒட்டுப் போட்டுப் போட்டு ஓட்டினார்கள், கடைசியில் புதுசுதானே கட்ட வேண்டி வந்தது?

கீழக்கரை ரோலிங்:
சரி, பேக்நியூவில் பிடித்துவிட்டீர்கள். ஆனால் 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை பாலம் மூடிக் கிடந்து ராமேஸ்வரம் ரயில் உங்கள் மண்டபத்தோடு நின்றதே, அது மறந்துபோச்சா?

தொண்டி வேடிக்கை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பாலம் பாலம் என்கிறீர்கள், புதுப் பாலத்தைப் பழசுக்குப் பக்கத்தில்தானே கட்டினார்கள்? ஜெராக்ஸ் அண்ணே, டிஸ்கில் 40 ஜிபி காலி இருந்தால் தனிப் பார்ட்டிஷனில் டெபியன் போடுங்கள். பிரிண்டரும் தமிழ் எழுத்துருவும் சரியாக வந்தால் மாறுங்கள், வராவிட்டால் ஆர்ச் இருக்கவே இருக்கிறது. பில் ஃபைல்களை மட்டும் முதலில் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். வேறு எது போனாலும் திரும்ப வரும்.

மண்டபம் டெபியன்:
இது நியாயம். ஆனால் அண்ணே, வாரம் ஒருமுறை அப்டேட் போட முடியுமா? முடியாதென்றால் கடைக்கு ரோலிங் வேண்டாம்.

பாம்பன் ஜெராக்ஸ்:
கீரிங் போட்டதும் கையொப்பப் பிரச்சினை போய்விட்டது. ஆனால் 3 ஜிபி இறக்க வேண்டும் என்கிறது, போனில் ஒரு நாளைக்கு 2 ஜிபிதான்.

கீழக்கரை ரோலிங்:
இன்றைக்கு இறக்க மட்டும் செய்யுங்கள், மீதியை நாளைக்கு இறக்கிவிட்டு மொத்தமாக இன்ஸ்டால் செய்யுங்கள். ஆர்ச்சில் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பேக்மேனில் அதற்கு வழி இருக்கிறது.

பாம்பன் ஜெராக்ஸ்:
அப்படியானால் நாளைக்கும் டெபியனுக்கு டேட்டா இல்லை. மருமகனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.