கார் பாகத் திருட்டைத் தடுக்க மாநில மானியம்: எங்கள் நகரம் விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: புறநகர்வாசி

ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சிறு நகரத்தின் மன்றம், கார்களின் அடியிலிருந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) அறுத்துச் செல்லும் திருட்டைத் தடுக்க, டெக்சஸ் மோட்டார் வாகனக் குற்றத் தடுப்பு ஆணையத்திடம் மானியம் கோரும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளவிருக்கிறது. நகரம் தன் பங்காக 20 விழுக்காட்டை ரொக்கமாகப் போட வேண்டும் என்றும், பணம் தவறாகச் செலவிடப்பட்டால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்றும் வரைவில் இருக்கிறது. சொத்து வரி ஏற்கெனவே கழுத்தை நெரிக்கும்போது இது தேவைதானா? பொதுமக்கள் பேசும் நேரத்தில் நான் எதைக் கேட்பது பயனுள்ளது?

மறுமொழி: கணக்கர்

உங்கள் காப்பீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆறு மாத பிரீமியத்தோடு வண்டிக்கு இரண்டரை டாலர், அதாவது ஆண்டுக்கு 5 டாலர், வாகனக் குற்றத் தடுப்புக் கட்டணமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். 4 டாலராக இருந்த அதை 2023இல் நிறைவேறிய செனட் மசோதா 224 ஒரு டாலர் உயர்த்தியது. இந்த மானியமும் அதிலிருந்து பிறந்ததே. 2022 மார்ச்சில், ஒரு மளிகைக் கடையின் வாகன நிறுத்துமிடத்தில் தம் வண்டியின் கன்வெர்ட்டரைத் திருட வந்தவர்களை எதிர்கொண்டபோது சுட்டுக் கொல்லப்பட்ட ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃப் துறை அதிகாரி டேரன் அல்மெண்டாரெஸின் பெயரை அச்சட்டம் தாங்கியிருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்காமல் விட்டால், நாம் கட்டிய பணம் வேறு ஊருக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் நகரம் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெறும் என்பதால், கைவசம் பணம் இருக்கிறதா என்பதைக் கேளுங்கள்.

மறுமொழி: பட்டறைக்காரர்

நான் வண்டிகளின் அடியிலேயே வேலை செய்பவன் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூட்டுக் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை மெல்லிய பூச்சாக இருக்கின்றன. 2021இன் தொடக்க மாதங்களில் ஓர் அவுன்ஸ் ரோடியம் 29,000 டாலர் வரை போனது. அமெரிக்கா முழுவதும் இத்திருட்டுக்கான காப்பீட்டுக் கோரிக்கைகள் 2019இல் 3,389ஆக இருந்து 2022இல் 64,701ஆக ஏறியதாகத் தேசியக் காப்பீட்டுக் குற்றப் பணியகம் கணக்கிட்டது. 2023இன் முடிவில் ரோடியத்தின் விலை 5,000 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. எனவே திருட்டு குறைந்துவிட்டது என்று காவல்துறை நாளை அறிக்கை கொடுத்தால், அதில் உலோக விலையின் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் பாராட்டிவிடாதீர்கள்.

பொதுவாக இத்தகைய மானியத்தில், வண்டி எண்ணைக் கன்வெர்ட்டரின் மேலுறையில் பொறித்துத் தரும் முகாம்களை நடத்துவார்கள். முகாம் நல்லதுதான். ஆனால் வாங்குபவர் அந்த உறையை வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் கட்டியை மட்டும் பொடியாக்கி விற்றுவிட்டால், பொறித்த எண் குப்பைக்குப் போய்விடும். உறை திறக்கப்படுவதற்கு முன்பே, காயலான் கடையிலேயே, யாராவது வந்து பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

மறுமொழி: தெற்குத் தெரு

பட்டறைக்காரர் ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். 2022 நவம்பரில் ஐந்து மாநிலங்களில் 21 பேர் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தபோது, பறிமுதல் செய்யக் கோரிய தொகை சுமார் 54.5 கோடி டாலர். அத்தனை பணமும் இரவில் ரம்பத்தோடு வருகிற பையனிடம் சேர்ந்ததல்ல, அவனிடமிருந்து வாங்கியவர்களிடம் சேர்ந்தது. இருந்தும் நகரங்கள் முதலில் கேட்பது கேமராவைத்தான், ஏனென்றால் கம்பத்தில் நிற்கும் கேமராவை வாக்காளருக்குக் காட்ட முடியும்; கடைக்காரரின் கொள்முதல் பதிவேட்டைப் புரட்டும் அதிகாரியைக் காட்ட முடியாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் கணக்கருக்கும் நன்றி. மூன்றே நிமிடம் தருவார்கள் என்பதால் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறேன்: உலோகக் கொள்முதல் கடைகளைச் சோதிக்க எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படும், அந்தச் சோதனைகளின் முடிவுகள் மன்றத்தில் வைக்கப்படுமா?

மறுமொழி: கணக்கர்

மூன்றாவதாக ஒன்று: எல்லைக்கு அப்பால் இருக்கும் கடைகளைச் சோதிக்கப் பக்கத்து நகரங்களோடு கூட்டு ஒப்பந்தம் உண்டா? திருடியவர் எங்கள் ஊரிலேயே விற்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.