தெளிவலி: ‘ரீபவுண்ட் பெயின்’ என்பதற்கு ஒரு முன்மொழிவு

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மரப்பு ஊசியின் பிடி விடும்போது வரும் கடும் வலியை ஆங்கிலத்தில் ‘ரீபவுண்ட் பெயின்’ (rebound pain) என்கிறார்கள். நம் அகராதிக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மீள்வலி, துள்ளுவலி, விடுவலி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அதற்கு முன் பொருளைக் கொஞ்சம் விரித்துவிடுகிறேன். அறுவைக்குப் பின் வருகிற எல்லா வலிக்கும் இது பொதுப்பெயர் என்று சிலர் எடுத்துக்கொண்டதுபோல் தெரிகிறது.

மணிக்கட்டு முறிந்து வந்தவருக்குத் தகடு வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு மயக்கம் கொடுக்காமல், அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, காறை எலும்புக்கு மேலேயோ அக்குளிலோ உள்ள நரம்புக் கொத்தைச் சுற்றி ரோபிவக்கெய்ன் போன்ற மரக்கச்செய்யும் மருந்தைச் செலுத்துகிறோம். கை முழுக்க மரத்துப்போகும், ஆள் விழித்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வலி துளிகூட இருக்காது. வலிதான் இல்லையே என்று கொடுத்தனுப்பிய மாத்திரையைத் தொடவும் மாட்டார். மருந்தின் பிடி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் விட்டுப்போகும். நடுச்சாமமோ விடியற்காலையோ, உடம்பில் வேறு வலிமருந்து எதுவும் இல்லாத நேரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வலி ஒரேயடியாக உச்சிக்கு ஏறும். இந்த ஏற்றத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இது அரிதாக வருவதும் இல்லை. 2021-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியாவில் வெளியான ஆய்வில், இப்படி நரம்பை மரக்கச்செய்யும் ஊசி (நரம்பு மரப்பு) பெற்று அன்றே வீடு திரும்பிய 972 பேரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வந்திருக்கிறது. இளவயதினர், பெண்கள், எலும்பில் அறுவை செய்துகொண்டவர்கள், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி பெறாதவர்கள் ஆகியோருக்குக் கூடுதலாக வந்தது. எனவே அறுவையின்போதே டெக்சாமெத்தசோன் கொடுப்பதும், கை மரத்திருக்கும்போதே பாராசிட்டமாலும், ஒத்துக்கொள்கிறவர்களுக்கு இபுப்ரோஃபெனும் தொடங்குவதும் நல்ல வழிகள். ஊசியை நாங்கள் போட்டுவிடலாம். மாத்திரை நோயாளியின் கையில் இருக்கிறது. அவருக்கு விஷயம் புரிந்தால்தான் போடுவார்.

அதனால்தான் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தச் சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. இந்நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பெரியவர்களில் சிலருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. துண்டறிக்கை அச்சடித்துப் பயனில்லை என்று ஒலிப்பதிவாகச் செய்கிறோம். ஆகவே நம் சொல் காதுக்குப் புரிய வேண்டும். இதுதான் என் முதல் அளவுகோல்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘மீள்வலி’ அழகாக இருக்கிறது, ஆனால் போன நோய் திரும்பி வந்துவிட்டது என்று கேட்பவர் பயப்படுவார். ‘துள்ளுவலி’ ஆங்கிலச் சொல்லின் பந்து உருவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறது. அந்த ஆங்கிலச் சொல் தெரியாதவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ‘விடுவலி’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாழ்ப்பாண நண்பர் சுட்டியபடி, விட்டுவிட்டு வரும் வலி என்றுதான் முதலில் தோன்றும்.

நான் முன்வைப்பது தெளிவலி. விரித்துச் சொன்னால், மரப்புத் தெளிவலி. மயக்கம் தெளிந்தது, போதை தெளிந்தது என்கிறோம். மருந்தின் பிடி நீங்குவதற்கு மக்கள் நாவில் ஏற்கெனவே இருக்கிற வினை அது. எலும்புப் பிரிவில் ஓர் ஆயா, கட்டுப்போட்ட கையை மறுகையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “இந்தக் கை எப்பத் தெளியும் டாக்டர்?” என்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த சொல். தெளிவலி வினைத்தொகையும்கூட: தெளிந்த, தெளிகிற, தெளியும் வலி. ஊசி போடுமுன் எச்சரிக்கவும், வலி வந்தபின் விளக்கவும் ஒரே சொல் போதும்.

‘மரப்பு’ பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை அன்பர்கள் ‘விறைப்பு ஊசி’ என்கிறார்கள், அங்கே அதுதான் வழக்கு. இங்குள்ளவர்களின் முன்னோர் 1860 முதல் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் காதில் விறைப்பு என்றால் கை கட்டையாக நிற்பது. இரண்டையும் இணைச்சொற்களாகப் பதிவுசெய்வோம். எல்லாவற்றையும் ‘மயக்க ஊசி’ என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். அப்படிச் சொல்லி ஊசி போட்டால், விழித்திருக்கும் நோயாளி மருந்து வேலை செய்யவில்லை என்று மேசையிலேயே நடுங்குகிறார்.

ஓர் அன்பர் எழுப்பிய மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்: பெயர் வைத்துவிட்டால் எல்லா வலியும் இயல்பானது என்று ஆகிவிடாதா? ஆகக்கூடும். முறிந்த கையில் தசைகளை மூடியிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபட்டாலும் கடும் வலி வரும். மாத்திரைக்கு அடங்காது, விரலை நீட்டினால் உயிர் போகும், கை கல்லாக இறுகும். அது சில மணி நேரத்திலேயே கையையே பறித்துவிடும். அதைத் தெளிவலி என்று எண்ணி யாரும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அகராதிப் பதிவில் பொருள் விளக்கத்தோடு இந்த வேறுபாட்டையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இடம் போதாது என்றால் எடுத்துக்காட்டு வாக்கியத்தை நீக்கிவிடலாம், இதை நீக்கக் கூடாது.

ஒலிப்பதிவுக்கு எழுதியிருப்பது இது: “கை மரத்திருக்கும்போதே மாத்திரையைப் போட்டுடுங்க. ராத்திரி கை தெளியும்போது வலி ஏறும், அது தெளிவலி. மாத்திரை போட்டும் அடங்கலைன்னா, கை இறுகினா, விரல் வெளுத்தா, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.” மியான்மரின் யங்கோனில் இருக்கும் அக்கா, உங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் இதை ஒருமுறை வாசித்துக் காட்ட முடியுமா? ‘தெளிவலி’ என்றதும் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பதிவைத் தொடங்குகிறேன்.