கைபேசிக் கோபுரம் ஓடியும் அழைப்பு போகவில்லை: 6ஜி வடிவமைப்பில் இதற்கு வழி உண்டா?

வால்பாறைக்காரி:
வணக்கம். தொலைத்தொடர்பில் எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு வால்பாறைப் பக்கம், தேயிலை எஸ்டேட்டில். சென்ற ஜூலையில் ஒரு மழை இரவு, அத்தைக்கு மூச்சுத் திணறல். எஸ்டேட் ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர் தள்ளி, எங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒரே கோபுரம்தான். கரண்ட் இல்லை. ஆனால் கோபுரத்தடி ஜெனரேட்டர் ஓடும் சத்தம் எங்கள் வாசல்வரை கேட்டது. அப்படியும் கம்பவுண்டருக்கு அழைப்பு போகவில்லை. அண்ணன் டார்ச்சோடு நனைந்துகொண்டே நடந்துபோய்க் கூட்டிவந்தான். அத்தை பிழைத்துக்கொண்டார்.

ஒரே கோபுரத்தின் கீழ் இருக்கும் இருவர் ஏன் பேச முடியவில்லை? 6ஜி கட்டுரைகளில் வேகத்தைப் பற்றித்தான் படிக்கிறேன். எனக்கு இந்த இரவுதான் திட்டப்பணி. எங்கிருந்து தொடங்குவது?

நுண்ணலை:
மைக்ரோவேவ் இணைப்புகளில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் அழைப்பு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவதில்லை, அம்மா. கோபுரத்தில் வெள்ளை முரசு போல ஒரு டிஷ் இருக்குமே, அதன் வழியாக மலையிறங்கி, நகரத்திலுள்ள கோர் (அழைப்பவர் யார் என்று பார்த்து அழைப்பை இணைக்கும் மைய அமைப்பு) வரை போய், அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அந்த டிஷ் 23 கிகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 13 மில்லிமீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 டெசிபலுக்கு மேல் தேய்ந்துவிடும், அதாவது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதே மழையில் 7 கிகாஹெர்ட்ஸ் 2 டெசிபல்கூட இழக்காது. முதலில் அந்த டிஷ்ஷின் அலைவரிசையைக் கண்டுபிடியுங்கள். மில்லிமீட்டர் அலையில் கோபுரத்துக்குக் கோபுரம் தாவும் ஐஏபி திட்டம் மனதில் இருந்தால், சின்னக்கல்லாறு மழையை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோர்க்காரன்:
ஐயா சொன்னது நோயின் பாதி. டிஷ்ஷை மாற்றினாலும் என்றாவது அறுந்துதான் போகும். அன்றைக்கும் உள்ளூர் அழைப்பு ஓட வேண்டும் என்பதுதான் வடிவமைப்புக் கேள்வி. கைபேசி நெறிமுறைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தனது 13-ஆம் வெளியீட்டிலேயே இதைத் தொட்டது: தனித்துவிடப்பட்ட கோபுரம், பக்கத்திலேயே ஒரு சிறிய கோர். அது பேரிடர்க் குழுக்களுக்காக எழுதப்பட்டது, அவர்களுடைய சிம்மில் அதற்கென்றே தனிச் சாவி வைத்தார்கள். உங்கள் அத்தையின் சிம்மில் இருக்கும் ரகசியச் சாவியின் நகல் கைபேசி நிறுவனத்தின் சர்வரில் மட்டும்தான் உண்டு. எஸ்டேட்டில் கோர் வைத்தாலும் அவர் யார் என்று அதற்குத் தெரியாது. முடிச்சு இங்கேதான். இதை அவிழ்க்காத எந்த 6ஜி வரைபடமும் உங்கள் மலையில் வேலைக்கு ஆகாது.

எனக்குத் தோன்றும் வழி: பேச்சை உள்ளூரிலேயே சுற்றவிடுங்கள், அடையாளச் சரிபார்ப்பை மட்டும் வெளியே அனுப்புங்கள். அது சில நூறு பைட்டுகள்தான், மெல்லிய செயற்கைக்கோள் இணைப்பே தாங்கும். ஆனால் செயற்கைக்கோளின் கூ, கா (Ku, Ka) அலைவரிசைப் பட்டைகளையும் மழை அடிக்கும். மழை அதிகம் தொடாத எஸ் பட்டையில் பாருங்கள். அதுவும் போய்விட்டால், சிம் இல்லாத கைபேசியின் அவசர அழைப்பையும் ஏற்க நெறிமுறையில் இடம் இருக்கிறது. அதை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் திருப்பலாம்.

வால்பாறைக்காரி:
இருவருக்கும் நன்றி. சாவி விஷயம் எனக்குப் புதிது, இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2023 நவம்பரில் ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஒப்புக்கொண்ட ஐஎம்டி-2030 என்ற 6ஜி கட்டமைப்பில் பாதுகாப்போடு மீள்திறனையும் ஒரு தகுதியாகச் சேர்த்திருக்கிறார்கள். என் வழிகாட்டியிடம் அதைக் காட்டி அனுமதி கேட்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். சரிபார்ப்பு வெளியே போய் வரும்வரை அழைப்பைக் காக்கவைப்பதா, முதலில் இணைத்துவிட்டுப் பிறகு சரிபார்ப்பதா?

கோர்க்காரன்:
108 என்றால் முதலில் இணையுங்கள். மற்ற அழைப்புகளைக் காக்கவையுங்கள். தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் என்றால் அந்தக் காத்திருப்பு ஒரு விநாடிகூட ஆகாது.