மால்தீனி: வலக்கால் வீரர் இடப்புறத்தில் நிலைத்தது எப்படி?

கேள்வி:
இத்தாலியக் கால்பந்து வீரர் பாவ்லோ மால்தீனியின் பழைய ஆட்டங்களை அண்மையில் வரிசையாகப் பார்த்து வருகிறேன். அவருக்கு இயல்பான கால் வலக்கால்தான். ஆயினும் ஏசி மிலானிலும் இத்தாலி அணியிலும் நெடுங்காலம் இடது பின்கள வீரராகவே ஆடியிருக்கிறார். இது எப்படி நேர்ந்தது? 16 வயதில் அறிமுகமான ஒருவர் 40 வயதிலும் அதே அணியின் தடுப்பு வரிசையில் நின்றதற்கு உடல்வலு மட்டுமே காரணமா?

மறுமொழி 1:
வலப்புறத்தில் இடம் இல்லை என்பதே முதற்காரணம். 1985 ஜனவரி 20 அன்று உதினேசே அணிக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில், காயமடைந்த பத்திஸ்தினிக்கு மாற்றாகப் பயிற்சியாளர் லீட்ஹோம் அவரைக் களமிறக்கினார். பிறகு வலது பின்களத்தில் சக வீரர் தஸோத்தி அசையாமல் நின்றுவிட்டதால் இவர் இடப்புறம் சென்றார். அதனால் நன்மையே விளைந்தது. எதிரணி விங்கர் (பக்கவாட்டில் தாக்கும் வீரர்) எல்லைக்கோட்டை ஒட்டி ஓடினால், உடன் ஓடி இடக்காலால் பந்தைத் தட்டிவிடுவார். விங்கர் உள்ளே திரும்பினாலோ, வலக்கால் அங்கே காத்திருக்கும். இரண்டு வழியும் அடைபட்ட விங்கர், பந்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் திரும்புவதை அந்த ஒளிப்பதிவுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மறுமொழி 2:
உடல்வலு பாதிக் காரணம்தான். பந்து வருவதற்கு முன்பே சரியான இடத்தில் நிற்கத் தெரிந்தவருக்கு ஓட்டம் குறைவாகவே தேவைப்படும். 1994-இல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்) இறுதியாட்டத்தில், வழக்கமான நடுத்தடுப்பு வீரர்களான பரேசியும் கோஸ்தகூர்த்தாவும் தடை காரணமாக ஆட முடியாதபோது, மால்தீனி நடுத்தடுப்புக்கு மாறி ஆட, மிலான் பார்சிலோனாவை 4-0 என வென்றது. வேகம் குறைந்த பிற்காலத்தில் அந்த இடமே அவருக்கு நிலையானது. 2005-இல் இஸ்தான்புல்லில் நடந்த அதே கோப்பையின் இறுதியில் முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தும், மூன்று கோல் முன்னிலையை இழந்து லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்ற அணியின் தலைவரான மால்தீனி, 2007-இல் அதே லிவர்பூலை 2-1 என வென்று கோப்பையை ஏந்தியபோது அவருக்கு வயது 38. அது அவருடைய ஐந்தாவது ஐரோப்பியக் கோப்பை.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் இத்தாலிக்காக 126 ஆட்டங்கள் ஆடியும் ஒரு கோப்பைகூட அவர் கையில் சேரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990, 1994, 1998 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் பெனால்டியில் தோல்வி. 2000 யூரோ இறுதியில் கோல்டன் கோலால் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடிக்கும் அணி உடனே வெல்லும் அக்கால விதி) தோல்வி. 2002-இல் தென்கொரியாவின் ஆன் ஜுங்-ஹ்வான் தலையால் முட்டிய கோல்டன் கோலின்போது, அவரோடு உயர எழும்பித் தோற்றவர் மால்தீனியே. அத்துடன் அவர் தேசிய அணியிலிருந்து விலக, இத்தாலி 2006-இல் உலகக் கோப்பையை வென்றது. இவ்வளவு கொடுமையான கணக்கு வேறொரு தடுப்பாட்டக்காரருக்கு வாய்த்ததாக எனக்கு நினைவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1994 ஏதென்ஸ் ஆட்டத்தை மறுபடி பார்க்கிறேன். இம்முறை பந்தைப் பார்க்காமல் அவர் நிற்கும் இடத்தை மட்டும் கவனிக்கப் போகிறேன்.