பெரிய நகரப் பூங்காவில் ஒரு நாள்: கைத்தடி ஊன்றும் பாட்டியையும் கைக்குழந்தையையும் எப்படி அழைத்துச் செல்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் ஒரு பெரிய நகரப் பூங்காவுக்குச் செல்லவிருக்கிறோம். ஏழு வயது மகள், இரண்டு வயது நிரம்பாத மகன், முழங்கால் வலியால் கைத்தடி ஊன்றி நடக்கும் என் மாமியார், நானும் கணவரும் என மொத்தம் ஐந்து பேர். ஏரி, படகுத்துறை, சிறுவர் ரயில், குடை ராட்டினம், விளையாட்டுத் திடல், சிறிய விலங்குக் காட்சிச்சாலை என்று அங்கே எல்லாமே உண்டு. ஆனால், ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன.

சென்ற முறை முன்வாசலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். மூன்றாவது இடத்தை அடைவதற்குள் மாமியார் ஒரு கல்மேடையில் அமர்ந்து, கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டு, "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரமாயிற்று. அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை என்றாலும், எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை. அவரைத் தனியே உட்கார வைக்காமலும், குழந்தைகளை ஏமாற்றாமலும் அந்த நாளை எப்படி அமைத்துக்கொள்ளலாம்? கூட்டத்தில் மகள் வழிதவறிவிடுவாளோ என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

சகோதரி, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமும் 341 ஹெக்டேர் பரப்பும் கொண்டது; அவ்வளவு பெரிய பூங்காவை நல்ல கால்வலிமை உள்ளவர்களாலேயே ஒரே நாளில் பார்த்து முடிக்க இயலாது. குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடைதான் அன்றைய கணக்கு. அவர் சிரமமின்றி எவ்வளவு தூரம் நடப்பார் என்று பார்த்து, அதில் பாதியை மட்டும் போகும் வழிக்கு ஒதுக்குங்கள்; மீதிப் பாதி திரும்பி வருவதற்கு வேண்டும். பெரும்பாலோர் மறந்துவிடுவது இந்தத் திரும்பும் தூரத்தைத்தான்.

பெரிய பூங்காக்களுக்கு வழக்கமாகப் பல வாயில்கள் இருக்கும். முன்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பதில்லை. வரைபடத்தைப் பார்த்து, நீங்கள் விரும்பும் இரண்டு இடங்களுக்கு அருகிலுள்ள வாயிலில் இறங்குங்கள். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்னதாகவே விசாரித்து வையுங்கள். கைத்தடியோடு நடப்பவர் அதில் அமரத் தயங்கினாலும், திரும்பும்போது அது கைகொடுக்கும்.

சிறுவர் ரயிலைக் குழந்தைகளுக்கானது என்று மட்டும் நினைக்காதீர்கள். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1928 முதல் ஓடும் சிறு ரயிலின் பாதை ஏறத்தாழ 4 கிலோமீட்டர். இடையில் நிறுத்தங்களும் உண்டு. அப்படி நின்று செல்லும் ரயிலாக இருந்தால் மாமியாருக்கு அதுவே போக்குவரத்து. புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் ரயிலாக இருந்தாலும், அவர் அமர்ந்தபடியே பூங்காவின் ஒரு பகுதியைப் பார்த்துவிடலாம்.

பதில் 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். உங்கள் மகனுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சறுக்குமரத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு நீங்களோ கணவரோ சறுக்காதீர்கள். பாதுகாப்பு என்று எண்ணித்தான் பெற்றோர் அப்படிச் செய்கிறார்கள். குழந்தையின் காலணி பக்கச்சுவரிலோ தளத்திலோ பட்டு நின்றுவிட, பெரியவரின் எடையும் வேகமும் சேர்ந்து உடலைக் கீழே இழுப்பதால் கால் முறுக்கிக்கொள்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவதும் உண்டு. தனியே சறுக்கும் குழந்தையின் கால் சிக்கினால் அதன் எடை குறைவு என்பதால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். என் உறவினர் குழந்தைக்கு நடந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டே ஒரு காலை மட்டும் ஊன்றாமல் நின்ற அந்தக் காட்சி கண்ணைவிட்டு அகலவில்லை. அவனால் தனியே சறுக்க முடியாத உயரம் என்றால் இந்த ஆண்டு அது வேண்டாம்.

உச்சி வெயிலில் உலோகம் மட்டுமன்றி, பிளாஸ்டிக் பலகையும் ரப்பர் தளமும்கூடச் சுடும். சிறு குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் விரைவில் புண்ணாகிவிடும். புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே உட்கார வையுங்கள். திடலைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

குடை ராட்டினத்தில் பயப்படும் குழந்தையை உள்வட்டத்தில் அமர்த்துங்கள். ஒரே நேரத்தில்தான் எல்லாக் குதிரைகளும் ஒரு சுற்று முடிக்கின்றன என்றாலும், மையத்திலிருந்து இரு மடங்கு தொலைவில் உள்ள குதிரை இரு மடங்கு வேகத்தில் செல்கிறது. ஏறி இறங்காத இருக்கை இருந்தால் மாமியாரும் பேரனோடு அமரலாம்.

பதில் 3

மகள் வழிதவறுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. புறப்படும் முன் அன்றைய உடையோடு இரு குழந்தைகளையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. தொலைபேசி எண்ணை மணிக்கட்டின் உட்புறம் பேனாவால் எழுதிவிடுங்கள். "எங்களைக் காணவில்லை என்றால் தேடி ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை அணிந்த ஊழியரிடமோ குழந்தைகளோடு இருக்கும் ஒரு தாயிடமோ சொல்" என்று கற்றுக்கொடுங்கள்.

மரங்களுக்கிடையே எல்லாப் பாதைகளும் ஒன்றுபோலத் தெரியும். சென்ட்ரல் பார்க்கின் விளக்குக் கம்பங்களில் எண் பொறித்த சிறு தகடு உண்டு. அருகிலுள்ள குறுக்குத் தெரு எது என்பதை அந்த எண்ணே காட்டிவிடும். நீங்கள் செல்லும் பூங்காவிலும் கம்பத்திலோ கைகாட்டியிலோ எண் இருக்கிறதா என்று நுழைந்தவுடன் பாருங்கள்; இருந்தால் அதை வாசிக்க மகளுக்குப் பழக்குங்கள்.

முதல் பதிலிலிருந்து ஒரு விஷயத்தில் நான் வேறுபடுகிறேன். மாமியாரையும் எல்லா இடங்களுக்கும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. ஏரிக்கரையில் நிழலும், முதுகு சாயும் இருக்கையும், அருகில் கழிவறையும் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே குடும்பத்தின் தங்குமிடமாக்குங்கள். நீங்களும் கணவரும் மாறிமாறி மகளை அழைத்துச் சென்று அரை மணி நேரத்தில் திரும்புங்கள். மற்றவர் மாமியாரோடும் மகனோடும் இருக்கட்டும். சென்ற முறை அவரை வருத்தியது உட்கார்ந்திருந்தது அல்ல, யாருமில்லாமல் உட்கார்ந்திருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

பதில் 4

வானிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்திற்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழியும் வரை வெளியே வர வேண்டாம். படகில் குழந்தைகளின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் ஏறாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாவது பதிலைப் படித்த பிறகுதான், எங்கே போக விருப்பம் என்று மாமியாரிடம் நாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை என்பது உறைத்தது. இன்று கேட்டேன். வாத்துகள் நீந்தும் இடத்திற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார். ஏரிக்கு அருகில் பின்வாயில் இருப்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டோம். அங்கேயே இறங்கப் போகிறோம்.