அது மதநீரா? குரூகர் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். போன மாதம் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் நாங்களே கார் ஓட்டிச் சுற்றினோம். லோயர் சாபி முகாமுக்குத் திரும்பும் வழியில் சாலை நடுவே ஒற்றை யானை. நிறுத்திவிட்டேன். காதை விரித்து, தலையை உயர்த்தி எங்களையே பார்த்தது. அப்புறம் ஒரு முன்காலை மட்டும் தூக்கி, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நின்றது. இரண்டு கன்னத்திலும் ஈரக்கோடு. பின்னால் ஒரு வண்டி ஒட்டி நின்றதால் ரிவர்ஸும் எடுக்க முடியவில்லை. ஒருவழியாகத் தானே புதருக்குள் போனது.

நம் ஊரில் கன்னத்தில் வழிந்தால் மதம் என்போம். ஆனால் ஆப்பிரிக்க யானைகளில் பதற்றம் வந்தால் பெண்ணுக்கும் வழியுமாம். தந்தத்தை வைத்தும் சொல்ல முடியாது, அங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு. மதம் பிடித்த ஆணுக்குச் சிறுநீர் சொட்டிப் பின்னங்கால் நனைந்திருக்கும் என்கிறார்கள். அந்தப் பயத்தில் பின்னங்காலை யார் பார்த்தது!

அந்தக் காலாட்டல் மிரட்டலா, தயக்கமா? இப்படி மாட்டினால் எஞ்சினை அணைப்பதா, ஓடவிடுவதா? பட்டவர்கள் சொல்லுங்கள். ஆகஸ்டில் அப்பா அம்மாவோடு மறுபடி போகிறேன்.