சாட்ஸ்வொர்த் சொந்தங்கள் (தென்னாப்பிரிக்கா, டர்பன் குடும்ப குரூப்): காவடிப் பதிவு

செல்வி அக்கா: கோயில் காவடிப் பதிவுப் பக்கம் நேற்று ராத்திரியிலிருந்து திறக்கவில்லை. மாரிட்ஸ்பர்க்கிலிருந்து போன் மேல் போன்.

குமரன்: எவனோ போலி ரிக்வெஸ்டாக அனுப்பிக் குவிக்கிறான் அக்கா. சர்வர் திணறுகிறது.

பெரியப்பா: ஐயோ, அடையாள எண்ணெல்லாம் போச்சா??

குமரன்: திருட்டு இல்லை பெரியப்பா, நெரிசல்தான். நம் சர்வரின் ஐபி, அதாவது அதன் நேர் முகவரி, ஊருக்கே தெரிகிறது. முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி வைக்கணும்.

தேவா மாமா: பசங்க பள்ளிக்கூடத் தடையைத் தாண்டப் போடுவார்களே, அதுவா?

குமரன்: அது நம்மை மறைக்கும் மாமா. இது சர்வரை மறைக்கும். கோமதி மாமி மாதிரி. உங்களுக்கு வரும் போனை மாமிதான் எடுப்பார். கடன் கேட்பவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். தெரிந்த பதிலை உங்களைக் கேட்காமலே சொல்லிவிடுவார், அதுதான் கேஷ்.

மீனா: மாமாவின் இரண்டாவது நம்பர்? 😂

தேவா மாமா: அது ஆபீஸ் நம்பர்

கோமதி மாமி: எந்த ஆபீஸ்?

குமரன்: ஆபத்தே அதில்தான்! நேர் நம்பர் தெரிந்தவன் மாமியிடம் ஏன் வருகிறான்? அதனால் பிராக்ஸி வைத்ததும் சர்வரின் ஐபியை மாற்றணும். ஃபயர்வாலில் (சர்வரின் காவல் கதவு) https வரும் 443 போர்ட்டை பிராக்ஸியின் முகவரிகளுக்கு மட்டும் திறக்கணும். இந்த பிராக்ஸி வேலையைச் செய்யும் கிளவுட்ஃபிளேர் கம்பெனியின் இலவசத் திட்டமே போதும். டர்பனிலேயே அவர்களுக்கு டேட்டா சென்டர் இருக்கிறது.

செல்வி அக்கா: சரி. அன்னதானத்துக்குப் பெரிய அண்டா? ஃபீனிக்ஸ் வீட்டில்தானே, சீலன் கல்யாணத்துக்கு வாங்கிப் போனது.

சின்னம்மா (ஃபீனிக்ஸ்): வாங்கிப் போகவில்லை. அது ஆயா எனக்குக் கொடுத்தது.

மீனா: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: குமரா, 2025 நவம்பர் 18 அன்று பாதி இன்டர்நெட் படுத்ததே, அந்தக் கம்பெனிதானே?

குமரன்: அதேதான். அவர்கள் படுத்தால் நாமும் படுப்போம். இன்னொன்று, https பூட்டு அவர்களிடம்தான் முதலில் திறக்கும், படிவத்தில் எழுதுவது அவர்கள் வழியாகத்தான் போகும். வேண்டாமென்றால் ஒரு சின்ன சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற பிராக்ஸி மென்பொருளை நாமே போடலாம். ஆனால் இந்த வெள்ளத்தை அது தாங்காது.

பெரியப்பா: தனிநபர் தகவலைக் காக்கும் போபியா சட்டம் இருக்கிறதே. அடையாள எண்ணைப் படிவத்திலேயே கேட்காதே.

குமரன்: நல்ல யோசனை, கமிட்டியில் கேட்கிறேன். டொமைன் பாஸ்வேர்டு யாரிடம்? நம் தளப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றாமல் ஒன்றும் நடக்காது.

செல்வி அக்கா: சீலனிடம்

மீனா: அவன்தான் தீபாவளிக்கே குரூப்பை விட்டுப் போயிட்டானே

செல்வி அக்கா: சின்னம்மா, நீங்கள் கேட்டுச் சொல்லுங்களேன்

சின்னம்மா (ஃபீனிக்ஸ்): கேட்கிறேன். முதலில் அண்டா யாருடையது என்று சொல்லுங்கள்.